பொட்டு வைத்த கார்டு

எங்கள் கடைப் பலகையில் 'முத்துலிங்கம் அன் சன்' என்று எழுதியிருக்கிறது. அந்த சன் என் தம்பி நிரோஷன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். ஹட்டன் பஸாரில் கம்பியூட்டர் ரிப்பேர் என்று எங்கள் படியேறுகிறவர்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். பேர் அவனுக்கு, வேலை எனக்கு. அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கடையின் பின்பக்கம் ஜன்னலோரமாக ஒரு மேசையும் நாற்காலியும் எனக்கு இருந்தன. கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோன வீட்டில், எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத்தான் பிரேமினி வந்து சேர்ந்தாள்.

நிரோஷன் விரும்பிக் கட்டிக்கொண்ட பெண். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே பேக்டரியில் மெசின் பார்க்கிறவர். கெம்பஸில் கம்பியூட்டர் படித்திருந்தாள். முதல் மாதம் முழுக்க அம்மா, தோட்டத்து வரிசை வீடுகளைக் குத்திக்காட்டி, 'லயத்துப் பொண்ணு, லயத்துப் பொண்ணு' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அது காதுக்கு இனிமையாகவே இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அம்மாவின் போனில் தொலைந்துபோன படங்களை எல்லாம் பிரேமினி ஒரு மத்தியானத்தில் மீட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து பொரித்த மீனில் பெரிய துண்டு அவள் தட்டுக்குப் போனது. இத்தனை வருசமாக நான் அந்த வீட்டின் ரேடியோ, டீவி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியவள். எனக்கு என்றுமே வால் துண்டுதான்.

கடைக்கும் வரத் தொடங்கினாள். 'சும்மா பாக்குறேன் அண்ணி' என்றுதான் முதலில் வந்தாள். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் தலை வைக்க இடம் கொடுத்த கதைதான்.

நோட்டன் பிரிட்ஜில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிவசாமி அண்ணன் ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பமானது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற கம்பியூட்டரில் இருந்த கார்டு. நாங்கள் விற்றதுதான். கிரிப்டோ காயின் தோண்டுகிற கம்பியூட்டர் பண்ணைகளில் ஓடி ஓய்ந்து, பெயர் ஊர் இல்லாத ஏதோ சீனத்துக் கம்பெனியின் பெட்டியில் வந்த செகண்ட் ஹேண்ட் சாமான். அதே லொட்டில் ஒன்றாக வந்த இன்னொன்றை நான் எடுத்து என் மேசைக் கம்பியூட்டரில் போட்டுக்கொண்டேன். என்னுடையது நன்றாக ஓடியது. அவருடையதை அவர் சிநேகிதன் ஒருவன் 'வேகத்தைக் கூட்டித் தர்றேன்' என்று வாங்கிக்கொண்டு போய், கார்டை உள்ளிருந்து இயக்குகிற புரோகிராமான பர்ம்வெயாரை மாற்றி எழுதிவிட்டான். அதன்பிறகு திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

நான் மாட்டிப் பார்த்தேன். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. வேறு கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன், அதிலும் அப்படியே.

"சிப் போச்சுண்ணே" என்றேன்.

"நம்ம கேஷிகா போச்சுன்னு சொன்னா போச்சுதான்" என்றார் அப்பா. அவர் என்னைப் பற்றிச் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், என் நாற்காலியில் பிரேமினி. சிவசாமி அண்ணனின் கார்டைக் கடையின் டெஸ்ட் மெசினில் சொருகியிருந்தாள். அந்த மெசினின் போர்டிலேயே படம் காட்டும் வசதி இருக்கிறது, அதனால் கார்டு செத்துக் கிடந்தாலும் திரை தெரியும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கார்டு சாகல. பேரு சொல்லுது, வந்து பாருங்க."

ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் அறையில் செய்தவனின் எண், அடுத்ததில் மாடல் எண், இன்னொன்றில் எந்தக் கதவு திறந்திருக்கிறது எது பூட்டியிருக்கிறது என்ற விபரம். ஓபரேட்டிங் சிஸ்டத்திலிருந்தே அந்த அறைகளைத் தட்டிக் கேட்கலாம். செத்த கார்டு என்றால் எல்லா அறையிலிருந்தும் எஃப் எஃப் எஃப் எஃப் என்று ஒரே பாட்டுத்தான் வரும். இந்தக் கார்டிலிருந்து ஒழுங்கான எண்கள் வந்தன. ஆள் உயிரோடுதான் இருக்கிறான், பேசத்தான் முடியவில்லை. எழுதப்பட்டிருந்த பர்ம்வெயார் வேறு வகை மெமரிக்கு உரியது. சரியானதை எழுதிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் மருமகளின் முகத்தில் இருந்த வெளிச்சம் விளங்கியது.

"அப்ப கார்டு செத்துப்போச்சுன்னு கேஷிகா சொன்னது?"

"அண்ணி பார்த்த முறையில பார்த்தா அப்பிடித்தான் மாமா தெரியும்" என்றாள் அவள்.

எனக்குப் பரிந்துதான் பேசினாள். அது எனக்கு அறைந்தது போல இருந்தது. அவள் என்ன எனக்குப் பரிந்து பேசுவது?

சாயங்காலம் கடை சாத்தும்போது அப்பா சாவியை உருட்டிக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழம சிவசாமிய வரச் சொல்லியிருக்கேன். அந்தக் கார்டு உசிரு பொழச்சிருச்சுன்னா, இனிமே போர்டு வேலையெல்லாம் பிரேமினி பார்க்கட்டும். நீ முன்னால கவுண்டரப் பாரும்மா. உனக்கும் குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்குதுல்ல."

கழுத்து வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கவுண்டரில் உட்கார்ந்து போன் கவரும் சார்ஜர் வயரும் விற்கிறதற்கு நான் எதற்கு? அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு சோறு தண்ணீர் இறங்கவிடவில்லை. அவள் சிரித்தால் எரிந்தது, அவள் 'அண்ணி' என்று கூப்பிட்டால் எரிந்தது, நிரோஷன் அவளுக்காகப் பஸாரிலிருந்து ரோல்ஸ் வாங்கி வந்தால் எரிந்தது. பொறாமைதான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு நான் தேடவில்லை.

அடுத்த நாளே அவள் கோயில் திருவிழா என்று தாய்வீட்டுக்குப் போனாள். அந்த இடைவெளியில் நான் சும்மா இருக்கவில்லை. கழிவுப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய கார்டைத் தூசி தட்டி எடுத்து, அவள் செய்ததை எல்லாம் செய்து பார்த்தேன். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரெஜிஸ்டரைப் படித்தேன். பூட்டிய கதவைத் திறக்க அதற்குரிய அறையில் 'ஒன்று' என்ற எண்ணை எழுதி, உள்ளே இருக்கிற பர்ம்வெயாரைக் கோப்பாக வெளியே எடுத்தேன், திரும்ப எழுதினேன். இரண்டு கார்டுகளை ஒன்றாக மாட்டினால் அவற்றைச் சொருகிய ஸ்லொட்டின் எண்ணை மட்டும் நம்பக்கூடாது, ஒவ்வொன்றிலும் திரையின் வயரைச் செருகி எது பேசுகிறது எது பேசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும், எழுதுவதற்கு முன் இரண்டையும் காப்பி எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருசமாகச் சூடு பட்ட கை என்னுடையது, பிடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? யாருக்கும் சொல்லவில்லை. அவள் தடுமாறி நிற்கும்போது முன்னால் போய், 'தள்ளு, நான் பார்க்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் திரும்பி வந்து இணையம் முழுக்கத் தேடினாள். பெயர் இல்லாத கம்பெனிக் கார்டு, சரியான பர்ம்வெயார் எங்கேயும் இல்லை.

"அண்ணி, ஒங்க மெசின்ல இருக்கிறதும் இதே கார்டுதானே? அதுல இருந்து ஒரு காப்பி எடுத்து இதுல எழுதிட்டா முடிஞ்சிரும். தருவீங்களா?"

அப்பாவுக்கு முன்னால் கேட்டாள். தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என்னைக் கவுண்டருக்குத் துரத்துவதற்கு என் கார்டையே கேட்கிறாள். "எடுத்துக்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. கடைக்குள்ளே பனிமூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஊர் ஈரத்தில் எந்தப் போர்டையும் அப்படியே மாட்டக்கூடாது. ஒரு தகரப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப் எரிய விட்டு, அதில் கொஞ்ச நேரம் சூடு காட்டித்தான் எடுப்போம். என் மெசினைப் பிரித்து என் கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா பூஜைத் தட்டோடு வந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கடைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கல்லாப்பெட்டி, சோல்டரிங் அயன், டெஸ்ட் மெசின் எதையும் விடமாட்டார். என் கார்டின் மின்விசிறி மூடியிலும் ஒரு பொட்டு வைத்தார். வாடிக்கையாளர் சாமானுக்கு மட்டும் வைக்க மாட்டார். வைத்தால் அது திரும்பிப் போகாமல் கடையிலேயே தங்கிவிடும் என்பது தாத்தா காலத்திலிருந்தே எங்கள் கடைக் கணக்கு. அது எனக்குத் தெரியும், நிரோஷனுக்குத் தெரியும். பிரேமினிக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பொட்டு காய்ந்ததும் இரண்டு கார்டையும் பெட்டிக்குள் வைத்தேன்.

சிவசாமி அண்ணன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். வந்ததிலிருந்து அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொத்மலையில் ஒரு சிங்களக் கல்யாண வீட்டுக்காரர், மகளின் வீடியோ எங்கே என்று உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹரி மாத்தையா, ஹரி. அத தெனவா" என்று இன்றைக்கே தந்துவிடுவதாகச் சிங்களத்தில் சத்தியம் செய்துவிட்டு, "தங்கச்சி, சீக்கிரம் பாருங்க, அந்தாளு கடைக்கே வந்திருவாரு" என்றார். 'தங்கச்சி' என்று அவர் என்னைத்தான் எப்போதும் கூப்பிடுவார். அன்றைக்குப் பிரேமினியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அவள் பதற்றத்தோடு பல்ப் பெட்டியைத் திறந்து இரண்டு கார்டையும் எடுத்தாள். அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள், ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒன்றில் மட்டும் பொட்டு. அதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"பொட்டு வச்சது சிவசாமி அண்ணனோடது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எங்க தோட்டத்து பேக்டரியிலயும் அப்பிடித்தான் அண்ணி. ரிப்பேருக்குப் பிரிக்கிற மெசினுக்குத்தான் மொதல்ல பொட்டு வச்சு சூடம் காட்டுவாங்க. அப்பா செய்வாரு."

என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இல்லையடி, அது என்னுடையது, மாற்றி மாட்டு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மாற்றி மாட்டுவாள், கார்டு பிழைக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள், நான் கவுண்டருக்குப் போவேன். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் ஸ்லொட்டில் பொட்டு இல்லாததைச் சொருகினாள். அதுதான் நல்லது என்று அவள் கணக்கு. இரண்டாவதில் பொட்டு வைத்ததைச் சொருகினாள். லினக்ஸ் எழுந்தது. இரண்டு கார்டுகளும் ஒரே பெயரைச் சொன்னன. இரண்டின் ரெஜிஸ்டரும் ஒழுங்காகப் பதில் சொன்னது. முதலாவதிலிருந்து பர்ம்வெயாரைக் கோப்பாக எடுத்தாள். தலைப்பு எண்களைச் சரிபார்த்தாள், சரியாகத்தான் இருந்தன. தப்பான பர்ம்வெயாருக்கும் தலைப்பு ஒழுங்காகத்தான் இருக்கும். திரையைச் செருகிப் பார்க்கவில்லை. இரண்டாவதைக் காப்பி எடுக்கவும் இல்லை. அடுத்த மேசையில் சிவசாமி அண்ணனின் போன் மறுபடியும் அடித்தது.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். நோயாளியிடம் வாங்கியதை நல்லவனுக்கு ஏற்றப் போகிறாள். அந்த நல்லவன் என் கார்டு. போனால் என் சாமான்தான் போகும். போகட்டும். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று சொல்வார்களே, அதைச் சொல்லி நானே பலரைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு என் மூக்கை நானே நீட்டிக் கொடுத்தேன், அதிலும் சந்தோசமாக.

கட்டளையை முழுதாகத் தட்டிவிட்டு அவள் விரலை நிறுத்தினாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன்.

எண்டரைத் தட்டினாள்.

எழுதி முடிந்தது. கம்பியூட்டரை அணைத்து, இரண்டாவது கார்டில் திரையைச் செருகி மறுபடி போட்டாள். கறுப்பு. வயரை அழுத்தினாள், மறுபடி போட்டாள், கறுப்பு. சரி, நல்ல கார்டிலாவது படம் வருகிறதா என்று முதலாவதில் செருகினாள். அதிலும் கறுப்பு. சிவசாமி அண்ணன் போனை எடுக்காமல் அடிக்க விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

அப்பா வந்து மெசினுக்குள் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, ரெண்டாவதுல கெடக்கிறது நம்ம கார்டுல்ல? பொட்டு நான் வச்சது."

"அது சிவசாமி அண்ணனோடது மாமா. வேலைக்கு எடுக்கிறதுக்குத்தானே பொட்டு..."

"நம்ம கடையில வாடிக்கைக்காரங்க சாமானுக்குப் பொட்டு வைக்க மாட்டோம்மா!"

அவள் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோனதைப் பார்த்தேன். தான் எதை எதில் எழுதினோம் என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இந்த உலகத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல பர்ம்வெயாரை அவளே அழித்துவிட்டாள். காப்பி இல்லை. கையை மேசையில் வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

அப்பா கொட்டித் தீர்த்தார். வாடிக்கைக்காரர் முன்னாலேயே தீர்த்தார். "தெரியலன்னா கேக்கணும். தோட்டத்துப் பழக்கத்த எல்லாம் கடைக்குக் கொண்டாந்தா இப்பிடித்தான். போதும், எந்திரி. இனி கேஷிகா பார்த்துக்குவா."

எனக்குக் கிடைத்துவிட்டது. நாற்காலி, மேசை, ஜன்னல் எல்லாம் எனக்கே. என் நெஞ்சு எப்படி நிறைந்தது என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். துப்புங்கள்.

ஆனால் அப்பா அத்தோடு நிற்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ அவ பின்னாலதானே நின்ன? பொட்டு விசயம் ஒனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

பிரேமினி தலையைத் தூக்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அவங்களத் திட்டாதீங்க மாமா. அண்ணிக்கு இந்த வேல தெரியாது. நான் எதுல இருந்து எடுத்து எதுல எழுதுறேன்னு திரையப் பார்த்தா அவங்களுக்கு எப்பிடி விளங்கும்? தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருப்பாங்க? அண்ணி பக்கத்துல நிக்கிறாங்கங்கிற தைரியத்துலதான் நான் எண்டரத் தட்டினேன்."

அப்பா பெருமூச்சு விட்டார். "அதுவும் சரிதான். அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

"தெரியாதவங்கள என்ன சொல்லி என்ன மொதலாளி" என்று சிவசாமி அண்ணனும் தலையாட்டினார்.

சும்மா இருந்திருக்கலாம். தலையைக் குனிந்து ஒரு 'ம்' போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தெரியாது, தெரியாது என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னது காதுக்குள் காய்ச்சின எண்ணெயாக இறங்கியது. அதிலும் அவள் வாயால். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அழுதுகொண்டே, எனக்குத் தெரியாது என்கிறாள்!

"யாருக்குத் தெரியாது?" என் குரல் முன்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "மொதல் ஸ்லொட்டுல சொருகினப்பவே நீ தப்புப் பண்ணிட்ட. திரையச் செருகிப் பார்க்கல. ரெண்டாவதக் காப்பி எடுக்கல. கெட்டதுல இருந்து எடுத்து நல்லதுல எழுதுன. ஒவ்வொரு வரியா நான் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்கு முன்னால எனக்கு எல்லாம் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. சிவசாமி அண்ணன் குடையை எடுத்தார்.

பிரேமினி நாற்காலியிலிருந்து எழுந்து, அதை எனக்காக இழுத்துப் போட்டாள்.

"நான் திரும்பிப் பார்த்தேனே அண்ணி," என்றாள், "அப்பவும் தெரியுமா?"